திருடு போன பழைய புத்தகம்: ‘இது எங்களுடையதுதான்’ என்று நூலகம் எப்படி நிரூபிக்கும்?

தஞ்சை சரஸ்வதி மகாலில் இருந்து 2005-ல் காணாமல் போன சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு லண்டனில் இருப்பதாக, 2022-ல் தமிழக சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. ‘அப்பாடா, கிடைச்சாச்சு’ என்றுதான் பலருக்கும் தோன்றியது. ஆனால் அது தஞ்சாவூர் பிரதியேதானா?

கோயில் சிலை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ள பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் பல நேரம் விஷயம் முடிந்துவிடும். ஓலைச்சுவடியும் ஏறக்குறைய அப்படித்தான். அச்சுப் புத்தகத்தில்தான் சிக்கல். தரங்கம்பாடியில் 1715-ல் அச்சான இந்த நூலின் பிரதிகள் அந்தக் காலத்திலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. லண்டனில் ஒன்று இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஆண்டும் எழுத்தும் ஒத்துப்போவதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

போலீஸார் குறிப்பிட்ட இடம், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சேகரிப்புகளைக் கொண்ட தொகுப்பு. அவருடைய பெரிய நூலகத்தை மகன் நான்காம் ஜார்ஜ் 1823-லேயே நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அப்போது முதல் அங்கே இருக்கும் பிரதி என்றால், 2005-ல் தஞ்சையில் இருந்து போயிருக்க வாய்ப்பே இல்லை. சரபோஜியின் கையெழுத்து அதில் இருந்தால் கதையே வேறு. தன் ஐரோப்பியப் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டு வைப்பது அவர் வழக்கம். இந்த வழக்கிலும் அந்தக் கையெழுத்தைத்தான் அடையாளமாகச் சொன்னார்கள்.

எல்லா நூலுக்கும் ராஜா கையெழுத்து கிடைக்குமா? சரஸ்வதி மகாலில் இருப்பவை எல்லாமே அரண்மனைச் சொத்து அல்ல. ஜம்புநாத பட்டர் லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் போன்றோரின் குடும்பச் சுவடிகளும் நன்கொடையாக வந்து சேர்ந்திருக்கின்றன. இப்படி வருவதற்கெல்லாம் ‘யார் கொடுத்தது, எப்போது’ என்ற பதிவேட்டு வரிதான் சாட்சி.

அந்தச் சாட்சி தொலைவதற்குத் திருடன்கூட வேண்டாம். பைண்டிங் செய்யும்போது பெயர் எழுதிய முதல் தாள் கிழிந்து போகும். நன்கொடைப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும்போது, ஒரே வீட்டில் இருந்து வந்தவை நாலு அலமாரிக்குச் சிதறும். முத்திரை, கையெழுத்து, ஓரக்குறிப்பு உள்ள பக்கங்களை மட்டுமாவது போட்டோ எடுத்துப் பதிவேட்டு எண்ணோடு சேர்த்து வைத்தால் போதும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்வது பிறகு நடக்கட்டும்.

தாத்தாவின் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுப்பவர்களும் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரக் கூடாது. தலைப்பு வாரியாகப் பட்டியல் எழுதி, ஒரு நகலில் நூலகத்தின் சீலும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.