29,000 பவுண் காட்டினால்தான் குடும்பமா? தோழர்களே, வெளியே வாருங்கள்!

தோழர்களே! ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் முதியோர் இல்லத்திலும் இரவு பகலாக நின்று உழைப்பவர்களே!

கலியாணம் முடிந்து நீங்கள் இங்கே, துணை யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ. "விசா எப்ப வருமாம்?" என்று ஊரில் கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் போனை எடுக்காமல் விடுகிறீர்கள். தலைவிதி என்று வாய்மூடிக் கிடந்தது போதும். இது மனிதர் எழுதிய சட்டம். மனிதரால் மாற்றக்கூடிய சட்டம்.

கணக்கைப் பாருங்கள். பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர் வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்று 2012இல் விதி போட்டார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000. 2025 ஏப்ரலில் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண். அந்தக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம், 52 வாரமும் விடாமல் உழைத்தாலும் 25,397தான் வரும். அரசு சொன்ன கூலியை வாங்கும் முழுநேரத் தொழிலாளி, அரசு சொல்லும் குடும்பத் தகுதியை எட்ட முடியாது! சம்பளம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாமாம்: 88,500 பவுண், ஆறு மாதம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். எத்தனை சீட்டு எடுத்தால் அவ்வளவு சேரும்?

இனி நம் வீட்டுக் குப்பையையும் கிளறத்தான் வேண்டும். பேஸ்லிப்பில் வாரம் 20 மணி நேரம், மிச்சம் கையில் காசு. நம்மவர் கடைகள் பலவற்றில் இதுதான் நடைமுறை என்பது எல்லோருக்கும் தெரியும். மேடையில் மட்டும் யாரும் சொல்வதில்லை. விசா அதிகாரி உங்கள் கால்வலியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மாதப் பேஸ்லிப்பை வங்கிக் கூற்றோடு வரி வரியாக ஒப்பிடுகிறார். வங்கிக்கு வராத கூலி அவரைப் பொறுத்தவரை உழைக்காத கூலி. 60 மணி நேரம் வேலை செய்தவன் தாளில் பகுதிநேரத் தொழிலாளியாகி நிற்கிறான். முதலாளிக்கு மிச்சம் வரி, தொழிலாளிக்கு மிச்சம் தனிமை. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை எழுதும் அதே கையால் முழுச் சம்பளத்தையும் பேஸ்லிப்பில் எழுதுங்கள் என்று அந்த முதலாளிகளிடம் நேருக்கு நேர் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும். பத்துப் பேராகக் கேளுங்கள்.

பெண்களுக்கு இந்த விதி இன்னும் கொடியது. கைக்குழந்தையோடு இருப்பவள் முழுநேர வேலைக்குப் போக முடியாது. குழந்தையைப் பார்க்கக் கணவன் வர வேண்டும். கணவன் வர அவள் 29,000 உழைக்க வேண்டும். அவனுக்கு இங்கே வேலை தர ஒருவர் கடிதம் கொடுத்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. இந்த விதியால் பாதிக்கப்படும் பிள்ளைகள் 15,000 வரை என்று இங்கிலாந்தின் சிறுவர் ஆணையர் அறிக்கை 2015இலேயே சொன்னது. வரம்பு 18,600 ஆக இருந்த காலத்துக் கணக்கு அது!

வந்து சேர்ந்த பின்னும் நிம்மதி இல்லை. வேலை செய்யும் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு, வரி கட்டலாம். அரசு உதவிப் பணம் மட்டும் கேட்கக் கூடாது. முதலில் 33 மாத விசா, பிறகு நீடிப்பு 30 மாதம், ஐந்து ஆண்டு முடிந்தால் நிரந்தர வதிவிடம். 2025 ஏப்ரல் கட்டணப்படி விசா, நீடிப்பு, ஆண்டுக்கு 1,035 பவுண் மருத்துவக் கட்டணம், வதிவிட விண்ணப்பம் எல்லாம் கூட்டினால் 12,000 பவுணைத் தொட்டது. ஆங்கிலப் பரீட்சையும் வழக்கறிஞர் காசும் தனி. அதே கட்டணப்படி குடியுரிமைக்கு மேலும் 1,735.

போராடி என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நாட்டுக்குள் வருவதற்காகத்தான் இந்தக் கலியாணம் என்று சந்தேகித்து, இல்லை என்று நீயே நிரூபி என்று தெற்காசியக் கணவன்மாரை அலைக்கழித்த விதி 1980களில் இருந்தது. 1997இல் அது ஒழிந்தது. அடிவாங்கிய மனைவி விசாவுக்குப் பயந்து அதே வீட்டில் கிடக்க வேண்டியிருந்த காலத்தில் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1999இல் அரசு வளைந்து கொடுத்தது. 2023 டிசம்பரில் வரம்பை ஒரே தாவலில் 38,700 ஆக்கப்போவதாக அறிவித்தார் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி. கூச்சல் கிளம்பியது. அந்த மாதம் முடியுமுன்பே முதற்கட்டம் 29,000 என்று இறங்கி வந்தார்கள். அடுத்து வந்த ஆட்சி மேற்கொண்டு ஏற்றுவதை நிறுத்தி, குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் ஆய்வைக் கொடுத்தது. 23,000 முதல் 25,000 வரை என்பதையும் ஒரு தெரிவாக அந்தக் குழு 2025 ஜூனில் முன்வைத்துவிட்டது. அழுத்தம் கொடுக்காவிட்டால் அந்த அறிக்கை அலுமாரியில்தான் தூங்கும்.

ஏற்கனவே பாஸ்போர்ட் வாங்கிவிட்ட அண்ணன்மாரே, அக்காமாரே! "நாங்கள் கஷ்டப்பட்டு வந்தனாங்கள், இவையளும் படட்டும்" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்காதீர்கள். நாளை ஊரில் துணை தேடப்போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். 2009இல் ஈழப் போரை நிறுத்தக் கோரி நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் இருந்தவர்கள் நாம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு வழி நமக்கு யாரும் காட்டத் தேவையில்லை.

கோரிக்கைகளில் தடுமாற வேண்டாம்: வருமான வரம்பை நீக்கு. அதுவரை வரப்போகும் துணையின் வேலையையும் குடும்பத்தார் உதவியையும் கணக்கில் எடு. இரட்டை வரியான மருத்துவக் கட்டணத்தை நிறுத்து.

இந்த மாதமே உங்கள் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். சங்கத்தில் இல்லாதவர்கள் இன்றே சேருங்கள். எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் பேஸ்லிப்போடு போய் அவர் மேசையில் வையுங்கள். குடும்பமாகப் போங்கள், அயலவரையும் கூட்டிப்போங்கள். ரியுனைட் ஃபேமிலீஸ் யு.கே. போல இதற்காகவே போராடும் அமைப்புகளில் பெயரைப் பதியுங்கள். தமிழ்ப் பள்ளியிலும் கோயிலிலும் பழைய மாணவர் சங்கத்திலும் கையெழுத்துத் தாள் சுற்றட்டும்.

தோழர்களே, பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பமாவது உங்கள் தெருவில் இருக்கும். இன்றிரவே அந்தக் கதவைத் தட்டி, அடுத்த கூட்டத்துக்குக் கையோடு கூட்டி வாருங்கள்!