பெரிதாக எதுவும் இல்லாத ஊர்!

தாய்லாந்து போகிறோம் என்று சொன்னால் நம்மூரில் இரண்டு விதமான பேச்சுதான் வரும். ‘பாங்காக்கில் துணிமணியெல்லாம் மலிவாமே’ என்பது ஒன்று. ‘பட்டாயாவா?’ என்று ஒரு மாதிரியாகச் சிரிப்பது இன்னொன்று. அப்பா, அம்மா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான்கு நாள் கடலோரமாகச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இரண்டுமே உதவாது. அவர்களுக்கு ஒத்துவரக்கூடிய ஊர் பிரச்சுவாப் கீரி கான். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 280 கிலோமீட்டர். முழுப் பெயரையும் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். ‘பிரச்சுவாப்’ என்றாலே அங்கே எல்லோருக்கும் புரியும்.

முதலில் அங்கே என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய மால் இல்லை. ராத்திரி முழுக்க விளக்கெரியும் கேளிக்கை வீதி இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், இரண்டாம் நாள் மதியமே ‘அடுத்து எங்கே?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஹுவா ஹின்னில் இறங்கிக்கொள்ளலாம். அங்கே பெரிய ஹோட்டல்கள், கடைவீதி, கூட்டம் எல்லாம் உண்டு. விமான டிக்கெட் போட்டு, லீவு சொல்லி, காசைக் கரைத்துக்கொண்டு போன பிறகு, வீட்டில் ஒருவர் ‘இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று கேட்டால் மொத்தப் பயணமும் கசந்துபோகும். கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இதைப் பேசிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து பாங்காக் விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ரயில்தான் வசதி. 2023 ஜனவரி முதல் தெற்கே போகும் விரைவு வண்டிகள் க்ருங் தெப் அபிவத் என்ற புதிய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய ஹுவாலம்போங் நிலையத்தின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு டாக்ஸி ஏறினால் வண்டியைத் தவறவிட நேரும். நான்கு, ஐந்து மணி நேரப் பயணம். பிரச்சுவாப் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நேராக நடந்தால் பத்து நிமிடத்தில் கடல் வந்துவிடும். பேருந்து என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தெற்கே நெடுந்தூரம் போகிற சில வண்டிகள் ஊருக்குள் வராமல் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். வயதானவர்களும் பெட்டிகளுமாக அங்கே நிற்பது சிரமம்.

ஊருக்கு முன்னால் இருப்பது பிறை வடிவ வளைகுடா. இரு முனையிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், நடுவே மீன்பிடிப் படகுகள். கிழக்குப் பார்த்த கடல் என்பதால் சூரியன் தண்ணீரிலிருந்து எழும், சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. இரவில் தொடுவானத்தில் வரிசையாகப் பச்சை விளக்குகள் தெரியும். ஏதோ திருவிழா என்று நினைக்க வேண்டாம், கணவாய் பிடிக்கும் படகுகள் அவை. வெளிச்சத்துக்கு வரும் கணவாயை அள்ளி வந்து, மறுநாள் வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். அந்த வாசனை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது! ஊரை ஒட்டிய இந்தக் கரை நடப்பதற்கும், வார இறுதி மாலைச் சந்தையில் ஏதாவது கொறிப்பதற்கும்தான். குளிப்பதற்கு அல்ல.

குளிக்க வேண்டுமானால் தெற்கே ஆவ் மனாவ் போக வேண்டும். ‘எலுமிச்சை வளைகுடா’ என்று அர்த்தம். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அந்தக் கடற்கரை தாய்லாந்து விமானப்படையின் ஐந்தாவது பிரிவு முகாமுக்குள் இருக்கிறது. வாசலில் காவலர்கள் இருப்பார்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பது நல்லது. உள்ளே போனால் சாலை விமான ஓடுபாதையையே குறுக்கே கடந்து போகிறது. விமானம் வரும் நேரமென்றால், நம்மூர் லெவல் கிராஸிங்கில் ரயிலுக்கு நிற்பதுபோல வண்டிகள் காத்திருக்கும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கடலே மறந்துவிடும். முகாமின் கட்டடங்களைப் படம் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

ஆவ் மனாவின் தண்ணீர் பெரும்பாலும் அலையடங்கி இருக்கும், கரை மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். சாய்வு நாற்காலி, குடை, ரப்பர் ட்யூப் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உப்புத் தண்ணீரைக் கழுவிக்கொள்ளவும் வசதி உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நல்ல சேதி: இங்கே குளிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தாய்லாந்துக் குடும்பங்கள். அவர்கள் டி-ஷர்ட்டும் முழங்கால் வரை நிக்கருமாகத்தான் கடலில் இறங்குகிறார்கள். பாட்டி, அத்தை, சின்னக் குழந்தை எல்லோரும் அப்படியே. சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. பட்டாயா படங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கும் அம்மாக்கள் இங்கே தைரியமாக முழங்கால் நனைக்கலாம். சொறிமீன் தொல்லை உண்டா என்று மட்டும் அன்றன்று கரையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அவசியம் கேட்க வேண்டும்.

இவ்வளவு அமைதியான கரையில்தான் 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் ஜப்பானியப் படை வந்து இறங்கியது. மலாயா, பேர்ல் ஹார்பர் தாக்குதல்கள் நடந்த அதே வேளை. தாய்லாந்து அரசு அன்று காலையே சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தச் சேதி இந்த முகாமுக்கு வந்து சேரவில்லை. ஊரின் தபால், தந்தி அலுவலகம் ஜப்பானியர் கையில் போயிருந்தது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் விமானப்படை வீரர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். முகாமில் அவர்களுடைய குடும்பங்களும் இருந்தன. மறுநாள் மதியம் உத்தரவு கைக்கு வருவதற்குள் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இரு பக்கமும் உயிர்கள் போயிருந்தன. முகாமுக்குள்ளேயே நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பரில் நினைவு நாள் அனுசரிக்கிறார்கள். ட்யூப் வாடகைக்கு எடுக்கப் போகிற வழியில் அரை மணி நேரம் அங்கேயும் நின்றுவிட்டுப் போகலாம். பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன இரண்டாம் உலகப் போர், பிள்ளைகளுக்கு ஓர் இடமாகத் தெரியும்.

அதே முகாமில், லோம் முவாக் என்ற குன்றின் அடிவாரத்தில் ஒருவகைக் குரங்குகள் இருக்கின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்டதுபோல. குட்டிகள் ஆரஞ்சுப் பொன்னிறம். வளர வளரத்தான் சாம்பல் நிறம் வரும். சாதுவான இனம், மனிதர்களைக் கண்டால் பெரிதாக மிரள்வதில்லை. ஊருக்குள் இருக்கும் சோங் கிராச்சோக் குன்றின் குரங்குகள் அப்படியல்ல. நானூறுக்குச் சற்றே குறைவான படிகள் ஏறினால் உச்சியில் ஒரு பௌத்த ஸ்தூபி, கீழே மொத்த வளைகுடாவும் தெரியும். குன்றில் ஒரு துளை வழியாக வானம் கண்ணாடிபோலத் தெரிவதால் ‘கண்ணாடித் துளை மலை’ என்று பெயர். காட்சி அருமைதான். ஆனால் படிகள் முழுக்க நீள்வால் குரங்குகள். பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி எதையும் விடாது. ஆஞ்சநேயர் என்று நினைத்து வாழைப்பழம் எடுத்துப்போகும் பக்தி நம்மவர்களுக்கு உண்டு. இங்கே அது வேண்டவே வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. மூட்டுவலிக்காரர்கள் கீழேயே இருந்துவிடலாம், கடலோரச் சாலையிலிருந்தே பாதி அழகு தெரிகிறது.

அடுத்து வயிற்று விஷயம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். ஒரே நாள் வெயிலில் அரைகுறையாக உலர்த்திப் பொரித்த சம்லி மீன் இந்தப் பக்கத்துப் பிரசித்தம். பச்சை மாங்காய்த் துருவலோடு தருவார்கள். சுத்த சைவக்காரர்கள்தான் முன்யோசனையோடு போக வேண்டும். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாஸ் ஊற்றி வரும். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால், கறி வகைகளில் இறால் விழுது. கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே சொல் ‘ஜே’. சீன பௌத்த வழியில் வந்த விரதச் சாப்பாடு அது. மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஏகாதசி பார்க்கும் மாமியாருக்குக்கூட ஆட்சேபம் இருக்காது! மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து கட்டியிருந்தால் ஜே கடை. ஆனால் இது சின்ன ஊர். இப்படிப்பட்ட கடைகள் சிலதான், மதியம் தாண்டினால் பாத்திரம் காலியாகிவிடவும் கூடும். ‘காவ் பிளாவ்’ என்றால் வெறும் சோறு, அது எங்கும் கிடைக்கும். கையில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இருந்தால் ராத்திரி கவலை இல்லை. பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. தாய்லாந்தில் அன்னாசி அதிகம் விளையும் மாகாணங்களில் முன்னணியில் நிற்பது இதுதான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நம்மூர் மாங்காய்க்கு நாம் செய்வதுதான்.

ஊர் மெத்தனமாகத் தெரிந்தாலும் மரியாதை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையம் போன்ற இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் நிற்பார்கள். நாமும் நிற்க வேண்டும். குழந்தையைக் கொஞ்சுவதாக நினைத்து யார் தலையையும் தொடக் கூடாது. கோயிலில் புத்தர் சிலை பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. பிட்சுக்களைப் பெண்கள் தொடுவதோ, கையில் நேராகப் பொருள் கொடுப்பதோ வழக்கமில்லை. அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட எதுவும் பேச வேண்டாம், சட்டப்படி சிறைத் தண்டனை உள்ள குற்றம் அது.

அரசர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று: இந்த ஊருக்கு இந்தப் பெயரை வைத்தவரே நான்காம் ராமா எனப்படும் மோங்குட் மன்னர்தான். மலைகள் நிறைந்த ஊர் என்பது பொருள். வளைகுடாவின் எதிர்க்கரையில், இன்று கம்போடியாவில் இருக்கும் கோ காங்குக்கு இதே ஓசையில் ‘பிரச்சன் கீரி கெத்’ என்று பெயர் வைத்து, இரண்டையும் ஜோடி சேர்த்தார். வானியலில் கெட்டிக்காரர். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் வரும் என்று தாமே கணக்கிட்டு, ஊருக்குத் தெற்கே வா கோ என்ற கடலோரக் காட்டில் முகாம் அமைத்து, பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் ஆங்கிலேய அதிகாரிகளையும் அழைத்தார். கணக்கு பலித்தது. ஆனால் அந்தக் காட்டில் அவரைப் பிடித்த மலேரியா விடவில்லை. அக்டோபர் 1 அன்று காலமானார். வா கோவுக்கு வருவதற்குச் சற்று முன்பு அதே கிரகணத்தின் நிழல் நம் பக்கமும் வந்து போயிருந்தது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அதை ஆராய்ந்தார். ஹீலியம் என்ற தனிமத்தின் கதை அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. வா கோவில் இப்போது அறிவியல் பூங்காவும் மீன் காட்சியகமும் இருக்கின்றன. பிள்ளைகளோடு அரை நாள் போகும். ஆகஸ்ட் 18 தாய்லாந்தின் தேசிய அறிவியல் தினம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வெயில் உறைக்காது. ஏப்ரல் சூடு நம்மூர் சூடுதான், தப்பித்து வந்ததாக ஆகாது. அக்டோபர், நவம்பரில் இந்தக் கரையில் மழை அதிகம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் அதிகாரபூர்வத் தளத்தைப் பார்ப்பது கட்டாயம். 2025 மே 1 முதல் வருகைப் பதிவை ஆன்லைனிலேயே நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல என்று மூடிவிடலாம்.

ஊரைச் சுற்ற சைக்கிள் போதும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்களிடம் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்ற தைரியத்தில் உரிமம் இல்லாமல் எடுத்து விபத்தில் சிக்கினால், பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். ஆட்டோபோலப் பக்கவாட்டில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் வண்டிகளும் உண்டு. ஏறும் முன் கூலி பேசிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் அதிகம் எடுபடாது. போக வேண்டிய இடத்தின் பெயரை ஹோட்டலில் சொல்லி தாய் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் வேலை சுலபம்.

திரும்பும் டிக்கெட்டை வந்து இறங்கிய அன்றைக்கே ஸ்டேஷனில் எடுத்துவிடுவது நல்லது. வெள்ளி, ஞாயிறு வண்டிகளில் இடம் கிடைப்பது சிரமம். அவசரம் இல்லாதவர்களுக்கு மூன்றாம் வகுப்புச் சாதாரண வண்டியே சுகம். ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும், நின்று நின்று போகும். தூக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் மாட்டிக்கொண்டு விற்பவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதில் பெரும்பாலானவை பன்றியும் கோழியும்தான். சைவக்காரர்கள் ஏறும் முன்பே ஒரு பை அன்னாசி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.