பாதிப் பேருக்கு மருந்து இல்லையா?

மருந்துச் சோதனைகளைப் பற்றிப் பேசினால் மாணவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “புதிய மருந்தைப் பாதி நோயாளிகளுக்குக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவது கொடுமையல்லவா, சார்?” நியாயமான கேள்விதான். ஆனால் சோதிக்காத மருந்தை எல்லாருக்கும் கொடுப்பதுதான் பெரிய கொடுமை என்பது என் கருத்து.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். 1920களில் அதற்குத் தங்க உப்பை ஊசியாக ஏற்றினார்கள். தங்கமாயிற்றே, நம்பிக்கைக்குக் குறைவில்லை! அமெரிக்காவில் ஆம்பர்சன் குழுவினர் 24 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, யாருக்குத் தங்கம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். மற்றவர்களுக்கு வெறும் வாலை வடிநீர் ஊசி. 1931இல் முடிவை வெளியிட்டனர். தங்கத்தால் நன்மை இல்லை, தீங்குதான்.

பிறகு வந்தது ஸ்ட்ரெப்டோமைசின். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1943இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது. போர் முடிந்த சமயத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்து மிகச் சொற்பம், எல்லாருக்கும் போதாது. ஆகவே 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அக்கால வழக்கப்படி ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பது மூடிய உறைக்குள் இருந்தது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கும் அவை யாருடையவை என்று தெரியாது.

ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தனர். பெறாதவர்களில் 14 பேர். எக்ஸ்ரேயில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 28 பேர், 4 பேர்.

அந்தக் கடைசி நான்கு பேரைக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் தேறியவர்கள்! அவர்களுக்கு யாரேனும் ஒரு கஷாயம் கொடுத்திருந்தால், “இதனால்தான் பிழைத்தேன்” என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். பொய்யும் அல்ல; அவர்கள் உண்மையாகவே நம்பியிருப்பார்கள். இயற்பியல் கூடத்தில் ஒரே கம்பியில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிப் பத்து முறை அளக்கலாம். ஒரே நோயாளியை மருந்தோடு ஒரு முறையும் மருந்தின்றி ஒரு முறையும் அதே ஆறு மாதம் வாழவைக்க முடியுமா? அதனால்தான் இன்னொரு குழு வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனையில் எனக்கு ஒப்பாதது ஒன்று உண்டு. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குத் தாம் ஒரு சோதனையில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று நோயாளியின் சம்மதம் பெறாமல் அப்படிச் செய்வது முறையாகாது. பலனுள்ள மருந்து ஏற்கெனவே இருந்தால், ஒப்பீட்டுக் குழுவுக்கும் பொதுவாக அது கிடைக்கவேண்டும்.

1956இல் நம் சென்னையில் தொடங்கிய சோதனையில் அப்படித்தான் நடந்தது. 193 காசநோயாளிகளுக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. பாதிப் பேர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் இம்முடிவு வெளிவந்தபின், மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து சானடோரியத்தில் கிடக்கும் வழக்கம் உலகெங்கும் படிப்படியாக மறைந்தது.