தையல் டீச்சருக்கும் மே மாதம் உண்டு

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாதாமாதம் பகுதிநேர ஆசிரியர்களின் வருகைச் சான்றில் கையெழுத்திட்டு வட்டார வள மையத்துக்கு அனுப்புவேன். மே மாதத்துக்கு மட்டும் அனுப்ப ஒன்றும் இருக்காது. அந்த மாதமும் எனக்கு முழுச் சம்பளம் வந்தது. எங்கள் தையல் டீச்சருக்கு வரவில்லை.

2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பேரைத் தமிழக அரசு பகுதிநேர ஆசிரியர்களாகப் பணிக்கு எடுத்தது. தையல், ஓவியம், உடற்கல்வி, கணினி, இசை என்று பாடங்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி கற்றுத்தர ஆள் வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் இருக்கும்வரை இந்த வேலையும் இருக்கும். பிறகு அதைச் செய்கிறவர் மட்டும் ஏன் ஆண்டுக்காண்டு நிச்சயமில்லாமல் நிற்க வேண்டும்?

மே மாதச் சம்பளம் இல்லாததன் வலி ஜூனில்தான் தெரிந்தது. சொந்தப் பிள்ளைகளுக்கு நோட்டு, சீருடை, வேன் கட்டணம் எல்லாம் அப்போது வரும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் அந்த நாட்களில்தான் இறங்கும். டீச்சரின் கணவர் அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டும் தோட்டங்களில் கொஞ்சம் வேலை நடக்கும், சிறு தோட்டக்காரர்கள் பலருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. "என்ன செய்ய டீச்சரே, மழையும் வந்தாச்சு, பள்ளிக்கூடமும் திறந்தாச்சு" என்பார் தையல் டீச்சர். வளையல் அடகுக்குப் போகும். ஓணத்துக்குள் திரும்பி வந்தால் உண்டு.

மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமே என்று கேட்பவர்கள் பள்ளிக்கூடத்தை உள்ளே வந்து பார்த்ததில்லை. மூன்று அரைநாள் என்பது ஆணையில் உள்ள கணக்கு. ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்புக்குத் தையல் டீச்சர்தான் போவார். ஆண்டுவிழா உடைகள் இவர் தைத்தவை. எந்த நாள் கூப்பிடுவார்கள் என்று தெரியாத ஒருவரை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்?

மாதத் தொகை 7,000, 7,700, 10,000 என்று ஊர்ந்து 2024இல் 12,500 ரூபாய் ஆனது. நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது. இதற்குள் 16,549 பேர் சுமார் 12 ஆயிரமாகக் குறைந்துவிட்டார்கள். இறந்தவர்கள் உண்டு, வயது முடிந்து ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஓய்வூதியம் வாங்குகிறவள் என்ற முறையில் இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிரந்தரம் கேட்டால் 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்குத் தீர்ப்பைத்தான் அரசுகள் எடுத்துக் காட்டும். முறையான தேர்வில்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு எதிராக உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்குக்கு வந்தவர்கள் மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கியவர்கள், தோட்டம் பார்த்தவர்கள். 2018இல் வெளியேற்றப்பட்ட அவர்களை மீண்டும் சேர்த்து முறைப்படுத்தச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் செய்த வேலை அன்றாடம் தேவைப்படுகிற, நிற்காமல் நடக்கிற வேலை என்பதைத்தான் அது முதலில் பார்த்தது.

பகுதிநேர ஆசிரியர்களின் வேலையும் அப்படிப்பட்டதுதான் என்று காட்டப் பதிவு வேண்டும். ஆகவே இப்போது பணியில் இருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பகுதிநேர ஆசிரியர்களின் கால அட்டவணைகளையும் வருகைப் பதிவேடுகளையும் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அரைநாளுக்கு மேல் அவர்கள் இருந்த நாட்களை அதே பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் போடுங்கள். கேட்டால் நகல் கொடுங்கள்.