கேஸ்கெட் போனா வண்டியே போச்சா?

2 லட்சம் கிலோமீட்டர் தாண்டின ஆம்னி ஒண்ணு வெள்ளைப் புகை கக்க ஆரம்பிச்சா, நம்மாளுங்க சொல்ற முதல் வார்த்தை: "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க சார்". அடுத்த ஆள் சொல்றது: "வெறும் கேஸ்கெட்தான், மாத்திட்டா சரியாயிடும்". என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதும் தப்பு.

மெக்கானிக்கல் படிக்காத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம் (மத்தவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம் :-)). எஞ்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உட்கார்ற ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற மெல்லிசான தகடுதான் ஹெட் கேஸ்கெட். சிலிண்டருக்குள்ள எரியுற வாயு, குளிர்விக்கிற தண்ணி, ஆயில் இது மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம பார்த்துக்கிறது அதோட வேலை. அது போனா ரேடியேட்டர் தண்ணி வெளியே ஒழுகாமலே குறையும், அதுல குமிழி கிளம்பும். சில நேரம் ஆயில், பால் ஊத்தின டீ மாதிரி ஆயிடும்.

ஆனா கேஸ்கெட் பெரும்பாலும் தானா போறதில்லை. எஞ்ஜின் கொதிச்சுத்தான் போகுது. அது ஏன் கொதிச்சதுன்னு கேட்டீங்களா? அடைச்ச ரேடியேட்டர், தேய்ஞ்ச வாட்டர் பம்ப், சுத்தாத ஃபேன், மூடின நிலையிலேயே சிக்கிக்கிட்ட தெர்மோஸ்டாட். கூலன்ட்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தி ஊத்தியே உள்ளே உப்பு படிய வைக்கிறதும் நம்ம ஊர் வழக்கம். காரணத்தை விட்டுட்டு கேஸ்கெட்டை மட்டும் மாத்துறது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுற கதைதான்.

இன்னொண்ணு, ஹெட் அலுமினியம். சூடானா வார்ப்பிரும்பைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ரொம்பக் கொதிச்சா வளைஞ்சுடும். சின்ன எஞ்ஜின்களில் பொதுவா 0.05 மி.மீ. வளைவு வரைக்கும்தான் விடுவாங்க. அது தலைமுடியை விட மெல்லிசு! கண்ணால பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ற மெக்கானிக்கை நம்பாதீங்க. நேர்ச்சட்டம் வெச்சு, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும்.

எங்க தெருவில ஒரு அண்ணன் ஆம்னியில பூ ஏத்திட்டு வர்றார். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினாத்தான் பொழைப்பு. ஒரு பட்டறையில கேஸ்கெட் மட்டும் மாத்திக் கொடுத்தாங்க. மூணே வாரம், திரும்பவும் புகை. வேற இடத்துக்குக் கொண்டு போனப்போ ஹெட்டை லேத்துக்கு அனுப்பி சமப்படுத்தி, ரேடியேட்டரையும் சுத்தம் பண்ணாங்க. இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ஆனா ரெண்டு தடவை கூலி, ரெண்டு தடவை வாடகை வண்டி. அந்த மாச லாபம் அதுலயே போச்சு. கேஸ்கெட் விலை கம்மிதாங்க, பிரிச்சு மாட்டுற கூலிதான் செலவு. அதனால பிரிச்ச கையோட டைமிங் பெல்ட்டையும், ஆடுற வாட்டர் பம்ப்பையும் மாத்திடணும். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமா, படிப்படியா, டார்க் ரென்ச் வெச்சு முறுக்கணும். "கை அளவு" இங்கே செல்லாது.

அப்போ எல்லாப் பழைய வண்டியையும் காப்பாத்தணுமா? இல்லை. ஹெட்டில விரிசல், ஆயில்ல தண்ணியோடவே ரொம்ப தூரம் ஓட்டி பேரிங் போனது, தரை துருப்பிடிச்சு ரோடு தெரியுறது, இதெல்லாம் இருந்தா மனசைத் தேத்திக்கிட்டு விட்டுடலாம். 15 வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்.சி. புதுப்பிக்கிற செலவையும் கணக்குல சேருங்க.

ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டியது ஹெட்டைக் கழட்டி அளந்து பார்த்த பிறகு. ஆம்னி 1984-ல் வந்தது, 2019-ல் தயாரிப்பு நின்னுபோச்சு. புதுசா ஒண்ணு வாங்க முடியாது. வேற வண்டி வாங்கணும்னா கடன்தான். பூக்காரருக்கும் டிபன் கடைக்காரருக்கும் "புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்றது சுலபம், தவணை கட்டப் போறது நாம இல்லையே!

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே? சொல்லிட்டுப் போங்க.