வந்தாரைப் பாயோடு ஒட்டவைப்போமா?

வந்தாரைப் பாயோடு ஒட்டவைப்பது மட்டக்களப்பு என்பது எமது பழம்பெருமை. மேடைதோறும் இதனை முழங்குகின்றோம். ஆயின், வந்தாறுமூலைக்குப் பயில வரும் மாத்தறை மாணவனுக்கு அப்பாயில் இடமுண்டா?

1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலாநிலையத்திற்கு இன்று தென்னிலங்கையிலிருந்தும் மாணவர் வருகின்றனர். விருப்பத்தைவிட வெட்டுப்புள்ளியே அவர்களுட் பலரை இங்கு சேர்க்கின்றது. விஞ்ஞானம் பயிலும் சிங்கள மாணவனுக்கு விரிவுரை ஆங்கிலத்தில். தேநீர்க்கடையும் சந்தையும் பேருந்தும் தமிழில்.

"அவர்கள் தமக்குள்ளேயே கூடிக்கொள்கின்றனர், நாம் என் செய்வது?" என்பர் எம்மவர். மேலைநாடுகளிற் பயிலும் சீன மாணவர்மீது சுமத்தப்படுவதும் இதே குற்றமே. இலண்டனிலும் தொறன்ரோவிலும் தமிழ் மாணவர் சங்கம் அமைத்துக் கூடினால் இனவுணர்வு எனப் போற்றும் நாம், பிறர் கூடினால் ஒதுக்கம் எனத் தூற்றுவது எந்த நியாயம்? அயல்மண்ணில் தன்மொழி பேசும் தோழன் துயர் துடைப்பான் என்பது உண்மையே. ஆயினும், அம்மண்ணின் வழக்கையும் மொழியையும் அங்கு பிறந்தோரே உரிமையுடன் கற்பிக்க வல்லர். அவ்வுரிமை எம்முடையது, கடமையும் எம்முடையதே.

நோர்வே நாட்டு அறிஞர் லிஸ்கார்ட், அமெரிக்காவிற் பயின்று மீண்ட தம் நாட்டவரை ஆராய்ந்து 1955 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஆறு மாதத்திற்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்திற்கு மேலாகவோ தங்கியோரைவிட, இடைப்பட்ட காலம் தங்கியோரே அச்சூழலுடன் குறைவாக இசைந்திருந்தனர். வரவேற்பு மாலை வாடிய பின்னரே துணை மிகுதியும் வேண்டப்படுகின்றது என்பதன்றோ இதன் பொருள்? நாமோ மாலையிட்டதுடன் கடமை முடிந்ததென இருக்கின்றோம்.

பகிடிவதையே புதியவரைப் பிணைக்கும் எனச் சாதிப்போரும் உளர். அதனை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அச்சத்தினால் வணங்குவோன் அடுத்த ஆண்டு பிறரை வணங்கச் செய்வானேயன்றி நண்பனாகான்.

தமிழ்ச் சங்கங்களே, வாரத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள்: அவர்களுக்குத் தமிழ், எமக்குச் சிங்களம். வடமோடிக் கூத்து ஆடுகையில் கதையைச் சிங்களத்தில் எடுத்துரைக்க ஒருவரை நிறுத்துங்கள். தைப்பொங்கலன்று விடுதியில் எஞ்சியிருப்போரை உங்கள் இல்லங்களுக்கு அழையுங்கள். இவற்றிற்குச் சுற்றுநிருபம் எதுவும் வேண்டியதில்லை.

நான்காண்டு இவ்வாவிக்கரையில் வாழ்ந்தும் தமிழில் நான்கு வசனம் பேச அறியாது ஒருவர் ஊர் திரும்புவாராயின், அது அவர்க்கு மட்டுமோ இழுக்கு? பாயை விரிக்காதிருந்துவிட்டு, விருந்தினர் ஒட்டவில்லை என நோவது அறமாகாது.