பள்ளிக்கூட போர்டும் பக்தர்களும்



பள்ளிக்கூட போர்டு மெம்பர் பதவிக்குச் சம்பளமில்லை. ஆதலால் யோக்கியர்கள் "நமக்கெதற்கு இந்த வம்பு" என்று ஒதுங்கி விடுகின்றார்கள். ஒதுங்கினால் நாற்காலி காலியாகவா கிடக்கும்? பக்தன் வந்து உட்கார்ந்து கொள்ளுகின்றான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து டோவர் என்னும் ஊரைப் பாருங்கள். அங்கே பாடபுத்தகம், உபாத்தியாயர் நியமனம், பள்ளிக்கூட வரி யாவும் ஜனங்கள் ஓட்டுப்போட்டு வைக்கும் ஒன்பது பேர் கையில். 2004 அக்டோபரில் அவர்களில் ஆறு பேர் கூடி, டார்வின் கொள்கையில் ஓட்டைகள் இருப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமென்று தீர்மானித்தார்கள். ஓட்டையை அடைக்கச் சரக்கு என்ன? அறிவுள்ள ஒருவன் திட்டமிட்டு உயிர்களைச் செய்தான் என்பதுதான்! கடவுள் என்று சொன்னால் சட்டம் தடுக்கும். ஆகவே பெயரை மறைத்துக் கொண்டார்கள். இதற்கான 60 புத்தகங்கள் யாரோ கொடுத்த நன்கொடை என்றார்கள். ஒரு மெம்பர் தமது சர்ச்சில் வசூலித்த பணம் அது என்று பின்னால் கோர்ட்டில் வெளியாயிற்று. பொய் சொல்லாதே என்று போதிக்கும் மதத்துக்கு இத்தனை பொய் எதற்கு?

எதிர்த்த மூவரில் இருவர் உடனே ராஜினாமா செய்தார்கள். மானமுள்ள காரியந்தான். ஆனால் பலன்? காலியான இடங்களில் போர்டு தனக்கு ஒத்தவர்களையே நியமித்துக் கொண்டது. விஞ்ஞான உபாத்தியாயர்கள் அந்த அறிக்கையை வகுப்பில் வாசிக்க மறுத்தார்கள், அவர்களைப் பாராட்டுகின்றோம். அதிகாரிகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

பணக்காரன் இதற்கெல்லாம் அஞ்சவேண்டியதில்லை. காசு கொடுத்துப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்பான். கூலிக்காரன் எங்கே போவான்? அவன் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு பொதுப் பள்ளிக்கூடம். அங்கே யூதன் பிள்ளையும், மதமே வேண்டாதவன் பிள்ளையும் கிறிஸ்தவன் பிள்ளையோடு ஒரே பெஞ்சியில் உட்காருகின்றன. எல்லோரிடமும் வரி வாங்கி ஒரு கூட்டத்தாரின் வேதத்தைப் போதிப்பது எந்த ஊர் நியாயம்?

பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். ஊரார் கோர்ட்டை மாத்திரம் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. தாங்களே போர்டுத் தேர்தலுக்கு நின்றார்கள். 2005 நவம்பர் 8-ல் தேர்தலுக்கு நின்ற பழைய மெம்பர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். தீர்ப்பு அதற்கு ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 20-ல்தான் வந்தது. அது விஞ்ஞானமல்ல, மதமே என்று எழுதிய நீதிபதி, பக்தர்களுக்கு மிகவும் வேண்டிய ஜனாதிபதி புஷ் நியமித்தவர்!

தீர்ப்பு தீர்மானத்தைத்தான் அடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவனை எழுப்பாது. பழைய கூட்டமே இருந்திருந்தால் வரிப்பணத்தில் அப்பீலுக்குப் போயிருக்கும். புதிய போர்டு அப்பீல் செய்யவில்லை. எதிர்க்கட்சி வக்கீல்களுக்குக் கொடுக்க வேண்டிய செலவு மாத்திரம் அதன் தலையில் விழுந்தது: பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம், பத்து லட்சம் டாலர்.